கேட்டு எடுப்பதா, கேளாமல் எடுப்பதா: தெருவில் தினமும் ஒரு முகம்

தெருவில் இறங்கி, முகம் தெரியாதவர்களைத் தினமும் படம் எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதிரே வருகிற மனிதரிடம் கேட்டுவிட்டு எடுக்கப் போகிறீர்களா, கேட்காமல் எடுக்கப் போகிறீர்களா? இது முடிவாகிவிட்டால் கேமரா, லென்ஸ், எந்தத் தெரு, எந்த நேரம் என்பவையெல்லாம் ஏறக்குறையத் தாமாகவே அமைந்துவிடும். இதை முடிவு செய்யாமல் கிளம்பிய நண்பர்கள் பலர் மூன்றாவது வாரத்திலேயே கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

நான் சென்னை திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறேன். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம் நடப்பேன்: பாரதி சாலை, ஜாம்பஜார், வாலாஜா பள்ளிவாசலை ஒட்டிய சந்துகள், திரும்பும் வழியில் பெரிய தெரு. ஆறு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். கேட்காமல் எடுப்பது, கேட்டு எடுப்பது, எடுத்துவிட்டுச் சொல்வது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் இருந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதை எழுதுகிறேன். ஒருவர் இதைத் தினமும் செய்யப் போகிறார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். வாரம் ஒருமுறை நண்பர்களோடு கூட்டமாகப் போய் எடுப்பது வேறு. அங்கே கூட்டமே ஒரு தைரியம்.

கேட்காமல் எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். தெருப் புகைப்படக்கலை என்றாலே பலர் நினைப்பது இதைத்தான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்து வைத்திருந்தார். ரமணர் மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவரும் அவர்தான். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் இன்னும் ஒரு படி போனார். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் கான்டாக்ஸ் கேமராவை ஒளித்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை நுழைத்து, எதிர் இருக்கையில் இருந்தவர்களை எடுத்தார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது ஒரு முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கின்றன அந்த முகங்கள். அலுப்பு, கவலை, எங்கோ நிலைத்த பார்வை. கேட்டிருந்தால் ஒரு படம்கூட அப்படிக் கிடைத்திருக்காது.

இந்த வழியின் பலம் வேகத்தில் இருக்கிறது. வேகத்துக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். முழுஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு சென்சார் உள்ளது) 28 மி.மீ. அகன்ற கோண லென்ஸின் துளையை எஃப் 8 என்ற அளவில் வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை இருப்பவர்கள் எல்லோரும் தெளிவாக விழுவார்கள். அதன் பிறகு ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கை உயர்ந்ததும் ஷட்டர் விழலாம். 50 மி.மீ. லென்ஸில் அதே எஃப் 8-இல் 3 மீட்டரில் நிறுத்தினால், தெளிவு கிடைப்பது சுமார் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரைதான். ஆள் இரண்டு எட்டு தள்ளிப் போனாலே படம் கெட்டுப்போகும். கேட்காமல் எடுக்கிறவர்களில் பலர் அகன்ற கோணத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தூரத்திலிருந்து பெரிய ஜூம் லென்ஸால் எடுப்பதை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் எடுக்கப்படுபவருக்குத் தெரியாது என்பதோடு, எடுக்கிறவரும் அந்த இடத்தில் இல்லை. படத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

இந்த வழியில் ஓராண்டு போனபோது எடுத்த படங்கள் நன்றாகத்தான் இருந்தன. பாரதி சாலை கடற்கரையை நோக்கிக் கிழக்கே ஓடுகிறது. ஏழு மணி வெயில் அதன் வழியே நீளமாக உள்ளே வரும். நடந்து போகிறவர்களின் நிழல் பழைய புத்தகக் கடைகளின் மூடிய தார்ப்பாய் மேல் ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில் எதை எடுத்தாலும் படமாகிவிடும் என்று தோன்றிய நாட்கள் அவை.

ஒரு நாள் ஜாம்பஜார் ஓரத்தில், சாக்கு விரித்துத் தக்காளியைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவரை எடுத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு கூறிலும் அடுக்கி முடித்தபின், உச்சியில் இருக்கும் பழத்தை மட்டும் முந்தானையால் துடைத்து வைப்பார். அந்தத் துடைக்கும் கையை எடுத்துவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து தம்பி என்று கூப்பிட்டார். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறானாம். அம்மா வீட்டில் ஓய்வாக இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறானாம். “இங்கே உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியாது, தம்பி. தெரிந்தால் மனசு உடைந்துபோவான்” என்றார். அவர் முன்னாலேயே படத்தை அழித்தேன். வீட்டுக்கு வந்ததும், அதற்கு முன் எடுத்து இணையத்தில் போட்டிருந்த நாற்பது, ஐம்பது முகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இவர்களில் எத்தனை பேர் என்னைக் கூப்பிடாமல் போயிருப்பார்கள்?

கேட்காமல் எடுப்பதற்கு எதிராக நான் வைக்கும் வாதம் இது ஒன்றுதான். அடி விழும், போலீஸ் பிடிக்கும் என்பதெல்லாம் அரிதாக நடப்பவை. ஒருவர் எதை மறைத்து வாழ்கிறார் என்பது தெருவில் பார்க்கிற நமக்குத் தெரியாது. சரிபார்த்துக்கொள்ள வழியும் இல்லை. வாக்கர் எவன்ஸ் தன் சுரங்க ரயில் படங்களை நூலாகக் கொண்டுவந்தது 1966-இல். எடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மையர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைப் பெட்டிகளில் வைத்திருந்தார்; ஏறக்குறைய யாருக்கும் காட்டவில்லை. அவை 2007-இல் ஓர் ஏலத்தின் வழியாகத்தான் வெளியே வந்தன. காலையில் எடுத்ததை மதியம் ஊருக்கே காட்டிவிடும் நமக்கு அந்த இடைவெளி கிடையாது.

கேட்டு எடுப்பது அடுத்த வழி. பிராண்டன் ஸ்டான்டன் 2010-இல் நியூயார்க்கில் பத்தாயிரம் பேரைப் படம் எடுப்பது என்று தொடங்கிய முயற்சி இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். கேட்டு, நிறுத்தி, பேசி எடுத்த படங்கள். இங்கே அதைச் செய்யும்போது எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். காலையில் கரியைப் பற்றவைத்து, பித்தளைப் பெட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து வாயால் ஊதுவார். கன்னம் இரண்டும் உப்பி, கண் இடுங்கி, தணல் வெளிச்சம் தாடையில் அடிக்கும். அதை எடுக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை. ஒரு நாள் கேட்டேன். சரி என்றார். பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். தலையைக் கையால் வாரிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, நேராக நின்றார். ரேஷன் அட்டைக்கோ ஸ்டுடியோவுக்கோ நிற்பதுபோல. நான் விரும்பிய படம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் நின்ற கோலத்தையே எடுத்தேன்.

கேட்டால் இதுதான் நடக்கும் என்பது கேட்காமல் எடுப்பவர்கள் சொல்லும் குறை. அது உண்மை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, அவர் சம்மதத்தோடு, ஊதும் படத்தையும் எடுத்தேன். இரண்டையும் நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நின்ற படத்தை வண்டிப் பலகையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். ஊதும் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதில் என் முகமே இல்லையே” என்றார். எனக்குப் பிடித்த படம் அதுதான், இன்றும் அதுதான். ஆனால் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது, அது என் கருத்து இல்லை என்பதை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். ஸ்டுடியோவில் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்ட தலைமுறைகளின் பழக்கம் அந்த நிமிர்ந்த நிலையில் இருக்கிறது. அதை இயல்பு இல்லை என்று தள்ளிவிட நமக்கு என்ன உரிமை?

கேட்டு எடுப்பதில் எனக்குத் தெரிந்த உண்மையான குறை நேரம்தான். ஒருவரிடம் நின்று, விளக்கி, பேசி, எடுத்து, காட்டி முடிக்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். முக்கால் மணி நேரத்தில் மூன்று பேர். வேலைக்குப் போகிறவருக்கு அது குறைவு. இன்னொன்று, எல்லா நாளும் பேசும் மனநிலை வாய்ப்பதில்லை. கேட்டால்தான் படம் என்று கட்டிவைத்துக்கொண்டால், மனம் சோர்ந்த நாட்களில் கேமராவைத் தொடவே மாட்டோம். தினசரிப் பழக்கத்தைக் குலைப்பது இதுதான்.

மூன்றாவது வழிக்குத் தனிப் பெயர் இல்லை. எடுத்துவிட்டுச் சொல்வது என்றே வைத்துக்கொள்ளலாம். கேமரா கையில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். ஒளித்துவைப்பது இல்லை, இடுப்பு உயரத்திலிருந்து வேறு எதையோ பார்ப்பதுபோல எடுப்பதும் இல்லை. கணம் வந்ததும் எடுப்பேன். எடுத்ததும் கேமராவை இறக்கி, அவர் கண்ணைப் பார்த்துத் தலையசைப்பேன். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். நிற்கிறவர்களிடம் போய்த் திரையைக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அங்கேயே, அவர் பார்க்க அழிப்பேன். வாதாடுவது இல்லை. பொது இடம்தானே, சட்டப்படி உரிமை இருக்கிறதே என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லி வைத்துக்கொண்ட படத்தை எந்த முகத்தோடு பார்ப்பது?

இதிலும் குறை உண்டு. சிலருக்குப் படம் எடுத்ததே கோபம், அழித்தாலும் தணியாது. நடந்துகொண்டே இருப்பவரிடம் சொல்லவும் முடியாது, அவர் போயே போய்விடுவார். அப்படிப் போனவர்களின் முகம் தெளிவாகத் தெரியும் படங்களை நான் வைத்துக்கொள்கிறேன், ஆனால் எங்கும் போடுவதில்லை. முதுகு, கை, நிழல், கூட்டத்தில் ஒருவர் என்றால் போடுவேன். ஓர் ஆண் எடுப்பதற்கும் ஒரு பெண் எடுப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தனியாக நிற்கும் பெண்ணை நான் கேட்காமல் எடுப்பதில்லை. அங்கே எடுத்துவிட்டுச் சொல்வது போதாது. குழந்தைகளை, பெற்றவர்கள் பக்கத்தில் இருந்து சரி என்றால் ஒழிய எடுப்பதில்லை. நடைபாதையில் தூங்குகிறவர்களையும் போதையில் கிடப்பவர்களையும் எடுப்பதே இல்லை. வறுமையைக் காட்டுகிறேன் என்று சொல்பவர்களோடு எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தூங்குகிறவரால் தலையசைக்க முடியாது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தினமும் செய்யப் போகிறவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான். கணமும் கிடைக்கிறது, மனிதரும் கிடைக்கிறார். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது முறை ஷட்டரை அழுத்த முடிகிறது. அதில் நான்கைந்து பேரிடம் பேசவும் முடிகிறது. பேச மனமில்லாத நாளில் தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தால் மட்டும் முதல் மாதம் கேட்டே எடுங்கள். கேட்காமல் எடுப்பதுதான் கூச்சத்துக்கு எளிது என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அதில் கூச்சம் குறையவில்லை, ஒளிந்துகொண்டது. யாராவது திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். பத்துப் பேரிடம் கேட்டு, இரண்டு பேர் மறுத்து, எட்டுப் பேர் சரி என்ற பிறகு அந்தப் படபடப்பு போய்விடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு முடிவு, தினமும் ஒரே தெருவா, வெவ்வேறு தெருவா என்பது. தொடக்கத்தில் புதிய இடங்களைத் தேடிப் போனேன்: சௌகார்பேட்டை மின்ட் தெரு, காசிமேடு மீன்பிடித் துறைமுகம், கோயம்பேடு பூச்சந்தை. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அங்கெல்லாம் நான் வந்துபோகிறவன். எல்லோரும் எடுக்கும் வலையையும் பூக்கூடையையும்தான் நானும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரே தெருவில் நூறாவது நாள் நடக்கும்போது வேறு ஒன்று நடக்கிறது. மேன்ஷன் வாசலில் பல் துலக்கும் இளைஞர்கள் நம்மைப் பார்த்துத் திரும்புவதை நிறுத்திவிடுகிறார்கள். நாம் தெருவின் ஒரு பகுதியாகிவிடுகிறோம். கேட்காமல் எடுப்பவர்கள் ஒளிந்து பெற முயல்கிற இயல்பு, இங்கே தெரிந்தவன் என்பதாலேயே கிடைக்கிறது. எடுத்த படத்தை அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடிகிறது. ஒரு பிரிண்டுக்கு ஆகும் செலவு ஒரு தேநீர் அளவுதான். அந்தக் காகிதம் கைமாறிய பிறகு அந்தக் கடைக்காரரே பக்கத்துக் கடைக்காரரிடம் நம்மைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. கைப்பேசியே போதும், ஒரு சிக்கலைத் தவிர: கைப்பேசியை உயர்த்தினால் வீடியோ எடுத்துப் போடப் போகிறார்கள் என்ற சந்தேகம் இப்போது எல்லோருக்கும் வந்துவிடுகிறது. சின்ன கேமராவைப் பார்த்தால் அந்தப் பதற்றம் குறைவாக இருக்கிறது. ரிகோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம்தான். சட்டைப் பையில் போகும். ஃபோகஸ் தூரத்தை முன்பே நிறுத்திவைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் 35 மி.மீ.க்குச் சமமான பார்வை. பேசி எடுப்பவர்களுக்கு அது இன்னும் பொருந்தும். பெரிய கேமராவும் பெரிய லென்ஸும் தினசரி நடைக்கு வேண்டாம். எங்கள் வெயிலில் கறுத்த முகங்களை எடுக்கும்போது வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் முகம் இருண்டுபோகும். வெளிச்ச அளவை முகத்தைப் பார்த்து வையுங்கள், சுவர் வெளுத்துப் போனால் போகட்டும்.

சட்டத்தைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். இந்தியாவில் பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. தடைசெய்யப்பட்ட இடங்கள் தனி. ஆனால் 1994-இல், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், பிறர் தலையீடு இல்லாமல் தன் போக்கில் இருக்க விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக உறுதிசெய்தது. பெண்களை அவர்களுடைய அந்தரங்கமான நிலையில் படம் எடுப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ஒருவர் முகத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் எழுத்திலேயே சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாண்ட்ரியலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் வெளியிட்டதற்கு 2,000 டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்ற முடிவைக் கனடா உச்ச நீதிமன்றம் 1998-இல் உறுதிசெய்தது. ஜெர்மனியில் ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற விதி 1907-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது, விலக்குகளும் உண்டு. நியூயார்க்கிலோ, தெருவில் கேட்காமல் எடுத்த ஒருவரின் படம் பற்றிய வழக்கில் 2006-இல் நீதிமன்றம் படம் எடுத்த கலைஞர் பக்கம் நின்றது.

கடைசியாக ஒரு வேலை, எந்த வழியை எடுத்தாலும் மாறாதது. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது, கழுவாத ஃபிலிம் ரோல்கள் மட்டும் சுமார் 2,500 விட்டுச் சென்றார். மெமரி கார்டு காலத்தில் அந்த நிலைக்கு வர ஓர் ஆண்டு போதும். நான் ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து, அந்த வாரத்தின் இருநூறு சொச்சம் படங்களையும் பார்த்து, ஒன்றை மட்டும் எடுத்து வைக்கிறேன். பிரிண்ட் கொடுக்க வேண்டியவற்றைத் தனியாக ஒரு தாளில், கடையின் அடையாளத்தோடு குறித்துக்கொள்கிறேன். இந்த வாரத் தாளில் மூன்று பேர் இருக்கிறார்கள்: சாவி போடுகிறவர், பள்ளிவாசல் பக்கத்துத் தேநீர்க் கடை மாஸ்டர், அப்புறம் ஜாம்பஜாரில் அந்தத் தக்காளி அம்மாவின் சாக்குக்கு அடுத்து உட்காரும் கறிவேப்பிலைக்காரப் பாட்டி. பாட்டி தானே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். ஃபிரேமில் பக்கத்துச் சாக்கு வராதபடி, சுவரோரமாக நகரச் சொல்லி எடுத்தேன்.